கூலிக்குக் காகிதம் வேண்டாம், நாற்காலிக்கு வேணுமாம்!

நான் பெயின்ட் மேஸ்திரி. சிதம்பரம் நாலு வீதியிலும் என் பிரஷ் படாத சுவர் கொஞ்சம்தான். எழுத்தாளன் இல்லை. ‘நீ டீக்கடையில பேசறதையே எழுதுப்பா’ என்று தோழர்கள் சொன்னதால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படிச்சுக்குங்க.

என்னிடம் வேலை செய்கிறவர்களில் ஆறு பேர் காட்டுமன்னார்கோயில் பக்கத்து முகாம்காரர்கள். இலங்கை அகதிகள். பதினஞ்சு வருஷமாக என்னோடு சாரம் கட்டுகிறார்கள். இந்தப் பதினஞ்சு வருஷத்தில் வீட்டுக்காரனோ இன்ஜினியரோ ஒருத்தன்கூட, ‘இவனுங்களுக்கு வேலை செய்ய அனுமதிக் காகிதம் இருக்கா மேஸ்திரி?’ என்று கேட்டதில்லை. நாலாவது மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பட்டி பார்ப்பதற்குக் காகிதம் வேண்டாம். மூட்டை தூக்கவும் கிணறு வெட்டவும் வேண்டாம்.

அந்த ஆறு பேரில் ஒருத்தரின் மகள் பி.காம். முடித்தாள். முகாமில் பிறந்த பிள்ளை, இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. கடலூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்கு நேர்முகத் தேர்வு. தேறிவிட்டாள். சேரப் போன அன்றைக்குத்தான் கேட்டார்கள்: ‘பாஸ்போர்ட் இருக்கா? விசா இருக்கா? ரெண்டும் இல்லேன்னா வேலை செய்யலாம்னு கவர்மென்ட் லெட்டர் கொண்டு வா.’

‘அண்ணே, கூட வர்றீங்களா, தனியாப் போனா வெரட்டுவாங்க’ என்றாள். போனேன். எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்பது வேண்டாம். எல்லா ஆபீசும் ஒரே ஆபீஸ்தான்.

ஆதாரைக் காட்டினாள். ‘அது நீ இங்க இருக்கறதுக்கு அடையாளம்மா, வேலைக்கு அனுமதி இல்ல.’

முகாம் அட்டையைக் காட்டினாள். ‘அது பணக்கொடைக்கும் அரிசிக்கும்.’

நான் குறுக்கே போய், ‘அப்போ எந்தக் காகிதம்தான் சார் வேணும்? அந்த ஃபாரத்தைக் குடுங்க, எழுதித் தர்றோம்’ என்றேன். அந்த மனுசன் ஏற இறங்கப் பார்த்தார். ‘நீ யாருப்பா? அந்த மாதிரி ஃபாரமே கெடையாது.’

‘வேலை செய்யக் கூடாதுன்னு உத்தரவு இருக்கா சார்?’

‘அப்படியும் எங்ககிட்ட எதுவும் வரலையே. நாளைக்கு வாங்க, மேல கேட்டுச் சொல்றேன்.’

நாலு தடவை போனோம். நாலு தடவையும் நாளைக்கு வா. சிதம்பரத்துக்காரனுக்கு இந்த வார்த்தை புதுசா? நந்தனுக்கே திருநாளைப்போவார் என்றுதானே பேர் வைத்தார்கள்! கோபாலகிருஷ்ண பாரதி பாடிய கதையில், நாற்பது வேலி வேலையையும் முடித்துவிட்டுக் கேள், அப்புறம் சிதம்பரம் போகலாம் என்கிறான் ஆண்டை. உழைப்பதற்கு நந்தனிடம் யாரும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. வயல் வரப்பைத் தாண்டி அவன் ஒரு அடி வைக்கும்போதுதான் கேட்டார்கள். சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் பள்ளியில் படித்தவன் நான். இந்தக் கதையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதுதான் நான் சொல்ல வந்தது. காகிதம் இல்லாததால் முகாம் மக்கள் வேலை இல்லாமல் இல்லை. வேலை இருக்கிறது, விடியவிடிய இருக்கிறது. காகிதம் இல்லாததால் அவர்கள் கூலியாக மட்டும் இருக்கிறார்கள். செய்யலாம் என்றும் எழுதித் தராமல், செய்யாதே என்றும் எழுதித் தராமல் அரசாங்கம் சும்மா இருக்கிறதே, அந்தச் சும்மாவில்தான் மலிவான கை கிடைக்கிறது. பறை அடிக்க, பிணம் சுமக்க, மலம் அள்ள நம்மிடம் யாராவது தகுதிச் சான்றிதழ் கேட்டானா? நாற்காலி கேட்டபோதுதானே ‘தகுதி, திறமை’ என்று குதித்தான்!

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு வக்கீல் தோழரிடம் கேட்டேன். அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் 17, 18, 19-ஆம் பிரிவுகள் கூலி வேலை, சொந்தத் தொழில், படிப்புக்கேற்ற தொழில் பற்றித்தான் பேசுகின்றன. இந்தியா அதில் கையெழுத்துப் போடவே இல்லை. அமெரிக்காவில் தஞ்சம் வழங்கப்பட்டவருக்கு வேலை செய்யும் உரிமை அந்தத் தஞ்சத்தோடே வந்துவிடுகிறது. அதற்கென்று ஒரு அட்டை தருகிறார்கள். அது உரிமைக்குச் சான்றுதான். (அமெரிக்காவை நான் புகழவில்லை. தஞ்சம் கேட்டு வந்தவனை அங்கேயும் மாதக்கணக்கில் காக்க வைக்கிறான்.) நம் உள்துறையும் 2011 டிசம்பரில் ஒரு நடைமுறை அனுப்பியது. நீண்டகால விசா பெற்ற அகதி தனியார் வேலைக்குப் போகலாம் என்று அதில் இருக்கிறது. அந்த விசாவோடு ஒரு முகாம்காரரை இதுவரை நான் பார்த்ததில்லை. 2025 செப்டம்பரில் புதுக் குடியேற்றச் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு இல்லாததற்காகத் தண்டிக்க மாட்டோம் என்று விலக்கு கொடுத்தார்கள். நல்லது. செயிலுக்கு அனுப்ப மாட்டேன் என்பதும், வேலைக்குப் போ என்பதும் ஒண்ணா?

வக்கீலுக்குப் படித்தாலும் கதை இதுதான். 1961 வழக்கறிஞர் சட்டம் 24-ஆம் பிரிவு முதலில் கேட்பது குடியுரிமையை.

குடியுரிமை வாங்கிக்க வேண்டியதுதானே என்பீர்கள். 2003 திருத்தம் இவர்களைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆக்கி அந்தக் கதவைச் சாத்தியது. 2019 திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்து இந்துக்களுக்குக் கதவைத் திறந்தது. முஸ்லிமை விட்டான், அது அவன் அரசியல். ஈழத்திலிருந்து வந்த இந்துவை ஏன் விட்டான்? இந்து இந்து என்று தெருவெல்லாம் கத்துகிறவர்கள் சொல்லட்டும். இந்தியா ஒன்றும் சத்திரம் இல்லை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் பேசினார்கள். சத்திரத்துத் திண்ணையில்கூட ஏறவிடாமல் நம் தாத்தனை நிறுத்தி வைத்த நாட்டில் சத்திரத்தைப் பற்றியா பேச்சு!

முகாமில் இருப்பது யார்? ஈழத்தின் வடக்கு கிழக்குக்காரர்கள் இருக்கிறார்கள். மலையகத்து மக்களும் கணிசமாக இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணி கூட்டிப்போன நம் சேரிச் சனம்தான் அதில் பெரும்பகுதி. 1948-இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து தலையை எண்ணிப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 அப்புறம் பேசிக்கலாம். மாட்டுச் சந்தையில்கூட மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பான். இங்கே அதுவும் இல்லை. ஒப்பந்தக் காகிதத்தோடு கப்பலில் வந்த அண்ணன் ‘தாயகம் திரும்பியவர்’, இந்தியக் குடிமகன். கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வவுனியாப் பக்கம் ஓடி, 1983-க்குப் பிறகு அங்கேயிருந்து படகேறிய தம்பி ‘சட்டவிரோதி’. இரண்டு பேருக்கும் ஒரே தாய். என் பெயின்ட் ஆளின் குடும்பமே அப்படித்தான்.

தமிழினத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் ஈழம், மாநாட்டில் ஈழம், போஸ்டரில் ஈழம். காட்டுமன்னார்கோயில் முகாமுக்கும் குறிஞ்சிப்பாடி முகாமுக்கும் வந்து, ‘உன் பிள்ளைக்கு வேலைக்கு என்னா காகிதம் கேக்கறான்?’ என்று எத்தனை பேர் உட்கார்ந்து விசாரித்தீர்கள்? ஓட்டு இல்லாத சனம் என்பதால்தானே?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள் கட்டுவோம் என்றது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆக்கியது. வந்ததை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ‘அகதிகள் முகாம்’ என்ற பேரையும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். நம்மையும்தான் ஒருத்தர் அரிசன் என்று பேர் மாற்றினார். தண்ணிப் பானை இடம் மாறிச்சா?

இப்போ என் விஷயம். மறைக்கக் கூடாது. ஊர்க்காரப் பையனுக்கு நான் கொடுக்கும் கூலியைவிட முகாம் ஆளுக்கு நூறு ரூபாய் குறைத்துத்தான் கொடுத்து வந்தேன். ‘அவனுக்குத்தான் பணக்கொடை வருதே’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆண்டை என் அப்பனுக்கு நெல்லைக் குறைத்து அளந்தபோது சொன்னதும் இதேமாதிரி ஒரு சமாதானம்தான். கடலூரிலிருந்து நாலாவது தடவை திரும்பும்போது, பஸ்ஸில் அந்தப் பெண் கேட்டாள்: ‘அண்ணே, எங்கப்பாவுக்கு ஏன் நூறு ரூபா கம்மி?’ கணக்குப் படித்த பிள்ளை அல்லவா. வடலூர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரச் சம்பளத்திலிருந்து சரிசமமாகக் கொடுக்கிறேன். பழைய பாக்கிக்குக் கணக்குப் போட்டால் என் வீடு விற்க வேண்டும்.

கேட்பது பெரிசில்லை. முகாமில் பதிவு பெற்றவர் எந்தத் தனியார் வேலைக்கும் போகலாம் என்று மத்திய உள்துறை ஒரே ஒரு வரி உத்தரவு போடட்டும். அதை முகாம் அட்டையின் பின்பக்கமே அச்சடிக்கலாம், இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதுவரைக்கும், முகாம் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் நம் சேரி மேஸ்திரிகள், கொத்தனார்கள், சமையல் கான்ட்ராக்டர்கள் உங்கள் சம்பள நோட்டை எடுத்துப் பாருங்கள். நான் பார்த்துவிட்டேன்.

கம்பெனி அந்த வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டது. பி.காம். படித்த பெண் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள். அங்கே யாரும் காகிதம் கேட்கவில்லை.