கைப்பிடி புறம்போக்கு அல்ல

விமானத்தில் மூன்று பேர் உட்காரும் வரிசையில் கைப்பிடிகள் நான்கு, கைகள் ஆறு. இந்தக் கணக்கைத் தீர்க்க நாகரிக விதி ஒன்று சொல்லப்படுகிறது. ஜன்னலோரத்தில் இருப்பவருக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர் உண்டு. நடைவழி ஓரத்தில் இருப்பவருக்குக் காலை நீட்டிக்கொள்ளக் கொஞ்சம் இடம் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு இரண்டுமே இல்லை. ஆகவே நடுவிலுள்ள இரண்டு கைப்பிடிகளும் அவருக்கு. நியாயமான விதிதான். ஆனால் அந்த நடு இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்ததும் அது காணாமல் போய்விடுகிறது.

வேலை காரணமாக நான் சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே அடிக்கடி பறக்கிறேன். ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். நடு இருக்கை வாய்க்கும் நாட்களில் பெரும்பாலும், நான் போய் உட்காரும்போதே இரண்டு பக்கமும் இரண்டு முழங்கைகள் குடியேறியிருக்கும். கைகளை மடியில் கோத்து, தோள்களை உள்ளே இழுத்து, தொடைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால் மட்டுமே யார்மீதும் படாமல் போய்ச் சேர முடியும். அக்கம்பக்கத்து வரிசைகளைத் திரும்பிப் பார்த்தால் பெண்கள் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் என்னைப் போல முழுக் கட்டணம் கொடுத்தவர்கள்தான்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். "நாட்டில் பெண்களுக்கு என்னென்னவோ நடக்கிறது. விமானத்தில் போகிறவளுக்குக் கை வைக்க இடமில்லை என்பதெல்லாம் ஒரு பிரச்சினையா?" பேருந்தில் படிக்கட்டுவரை நசுங்கிப் போகும் பெண்களை நினைத்துப் பார் என்பார்கள். நினைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

டவுன் பஸ்ஸில் ஒரு கை நம்மீது பட்டால் அதற்குச் சாக்குகள் தயாராக இருக்கும். கூட்டம். டிரைவர் பிரேக் போட்டார். பின்னாலிருந்து தள்ளினார்கள். "இவ்வளவு கஷ்டமா இருந்தா ஆட்டோவுல போக வேண்டியதுதானே." நம் அம்மாக்கள் சேலையில் குத்திய ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பயணம் செய்தது இந்தச் சாக்குகளுக்கு வேறு பதில் இல்லாததால். விமானத்தில் இந்தச் சாக்கு ஒன்றுகூடச் செல்லாது. நின்றுகொண்டு வருபவர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட இருக்கை உண்டு. எகானமி வகுப்பில் அது சுமார் 17, 18 அங்குல அகலம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அகலம். இருக்கைகளுக்கு நடுவே, இது உன்னுடையது, அது என்னுடையது என்று காட்ட ஒரு தடுப்பும் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் முழங்கை தாண்டி வருகிறது என்றால் அதற்குக் காரணம் கூட்டமல்ல. பேருந்திலும் கூட்டம் மட்டுமே காரணமாக இருந்ததில்லை. விமானம் நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் இந்த உண்மையைக் கூட்டமில்லாமல் காட்டுவதுதான்.

அடுத்து உடற்கூறு பேசுவார்கள். ஆண்களுக்குத் தோள் அகலம், அவர்கள் என்ன செய்வார்கள் பாவம். அதே ஆண், பக்கத்து இருக்கையில் தன்னைவிடப் பெரிய ஆள் வந்து உட்கார்ந்தால் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மேலதிகாரியோடு பயணம் செய்யும்போது கவனியுங்கள். அகலமான தோள் அழகாகச் சுருங்குகிறது. கை தானாக மடிக்குப் போகிறது. ஆகவே அவருக்குச் சுருங்கத் தெரியும். யாருக்காகச் சுருங்க வேண்டும், யாருக்காக வேண்டாம் என்பதும் தெரியும். மறுபக்கம், பருமனான ஒரு பெண் அதே இருக்கையில் உட்கார்ந்தால், அவள் யாரும் கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்கிறாள். மூன்று மணி நேரமும் தன் உடம்பை மடித்து மடித்து வைக்கிறாள். உடம்பின் அளவுதான் இடத்தைத் தீர்மானிக்கிறது என்றால் அவளுக்கல்லவா அதிக இடம் கிடைத்திருக்க வேண்டும்?

பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் பாராட்டுச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: அடக்க ஒடுக்கம். இரண்டுமே உடம்பைக் குறுக்குகிற சொற்கள். ஐந்து வயதில் "காலைச் சேர்த்து வைச்சு உக்காரு" என்பதில் தொடங்குகிறது. பள்ளிக்கூட பெஞ்சில், கல்யாண வீட்டில், ஷேர் ஆட்டோவில் தொடர்கிறது. அண்ணனோ தம்பியோ சோபாவில் மல்லாந்து கிடக்கும்போது அவன் "களைப்பாக" இருக்கிறான். அவள் அப்படிக் கிடந்தால் அதற்கு வேறு பெயர். இது நம் ஊரின் தனிச்சொத்தும் அல்ல. ஜெர்மானியக் கலைஞர் மரியான்னே வெக்ஸ் 1970களில் பொது இடங்களில் ஆண்களும் பெண்களும் எப்படி நிற்கிறார்கள், உட்காருகிறார்கள் என்று ஆயிரக்கணக்கில் புகைப்படம் எடுத்து 1979இல் நூலாக்கினார். அதில் ஆண்கள் விரிந்திருக்கிறார்கள், பெண்கள் குறுகியிருக்கிறார்கள். பெண்கள் தம் உடம்பைச் சுற்றியுள்ள இடத்தை முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்பதை அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அது பிறவிக் குணமல்ல, சூழல் கற்றுக்கொடுத்தது என்றார். 2017இல் மாட்ரிட் நகரப் பேருந்துகளில், காலை அகட்டி உட்காராதீர்கள் என்று படம் போட்டு ஒட்டவேண்டி வந்தது.

நம் ஆண்களுக்கு எல்லை என்றால் என்னவென்று தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. வரப்பை அரை அடி வெட்டிவிட்டான் என்று பங்காளியோடு இருபது வருடம் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் நம் தாத்தாக்கள். சர்வேயரைக் கூப்பிட்டுக் கல் நட்டவர்கள். அடுத்தவன் வீட்டு சன்ஷேடு தன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் தெருவே கூடிவிடும். எல்லையின் அருமை அங்குலம் அங்குலமாகத் தெரிந்த சமூகம் இது. பெண்ணின் பக்கம் வரும்போது மட்டும் அந்த அறிவு தூங்கிவிடுகிறது. ஏனென்றால் அந்த இடத்துக்குப் பட்டாதாரர் யாருமில்லை என்று நினைக்கிறார்கள். நம் உடம்பைச் சுற்றியுள்ள இடம் அவர்கள் கணக்கில் புறம்போக்கு. முதலில் வந்தவர் அனுபவித்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில்தான் விஷயம் வெறும் சொகுசுக் குறைவோடு நிற்பதில்லை. கைப்பிடியின் மேல் இருக்கும் முழங்கை ஒரு கட்டத்தில் கீழே இறங்குகிறது. விலாவில் படுகிறது. விளக்கை அணைத்திருக்கிறார்கள், அவர் கண் மூடியிருக்கிறது. தூக்கமா, பாவனையா? நாம் அங்குலம் அங்குலமாக நகர்கிறோம். கையும் நகர்ந்து வருகிறது. அடுத்த ஒன்றரை மணி நேரம் நம் மூளைக்கு ஒரே வேலை: இது வேண்டுமென்றே செய்வதா, இல்லையா? சத்தம் போட்டு, அவர் உண்மையிலேயே தூங்கியிருந்தால் என்ன செய்வது? பெண்ணாக இருப்பதால் நாம் செய்யும் கூலியில்லா வேலைகளில் இந்தத் துப்பறியும் வேலையும் ஒன்று.

சட்டம் உண்டு. விமானத்தில் தகாத முறையில் தொடுவதையும் பாலியல் தொந்தரவையும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் இரண்டாம் நிலைக் குற்றமாக வைத்து, ஆறு மாதம்வரை பறக்கத் தடை விதிக்க இடம் தருகின்றன. தமிழ்நாட்டில் 2022இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள், பெண் பயணியை முறைத்துப் பார்ப்பவரையும் விசிலடிப்பவரையும் பேருந்திலிருந்து இறக்கிவிடக் கண்டக்டருக்கு அதிகாரம் தந்தன. இவை வேண்டும். ஆனால் சட்டத்தின் கதவைத் தட்ட ஒரு குற்றச்சாட்டு வேண்டும். குற்றச்சாட்டுக்கு அவருடைய நோக்கம் வேண்டும். நமக்குக் கிடைப்பது இரண்டே வழிகள்: பெரிய புகார் அல்லது முழு மௌனம். பெரும்பாலோர் மௌனத்தைத் தேர்ந்தெடுப்பதில் என்ன ஆச்சரியம்?

கைப்பிடியைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவது அதனால்தான். எல்லையை எல்லையாகவே காத்தால் நோக்கத்தை நிரூபிக்கும் வேலை நமக்கு இல்லை. தூங்கினாலும் விழித்திருந்தாலும் கை என் பக்கம் வந்திருக்கிறது. எடுங்கள். அவ்வளவுதான். வரப்பைத் தாண்டிய மாட்டிடம் யாரும் உள்நோக்கம் விசாரிப்பதில்லை.

ஒருமுறை அப்படித்தான் சொன்னேன். "தெரியாம பட்டுடுச்சு சிஸ்டர்" என்றார். கை பட்ட பிறகுதான் நாம் சகோதரியாகிறோம். ஐந்து நிமிடத்தில் கை திரும்பி வந்தது. அழைப்பு மணியை அழுத்தினேன். வந்த பணிப்பெண், சின்ன வயது, என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "மேடம், பின்னாடி ஒரு சீட் காலியா இருக்கு. மாறிக்கிறீங்களா?" நான் மாறவில்லை. "இது என் சீட். அவர் கையை அவர் பக்கம் வைச்சுக்கச் சொல்லுங்க, போதும்" என்றேன். அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. தோளில் தட்டியும் இடுப்பில் விரலால் குத்தியும் தண்ணீர் கேட்கும் பயணிகளிடம் நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருப்பது அவள் வேலை. அவளுக்குக் கற்றுக்கொடுத்த தீர்வு அது ஒன்றுதான்: தகராறு வந்தால் பெண்ணை நகர்த்து.

நிறுவனங்களின் தீர்வுகளும் அதே ரகம். 2017இல் ஏர் இந்தியா உள்நாட்டு விமானங்களில் ஆறு இருக்கைகளைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2024இல் இண்டிகோ, பெண்கள் இருக்கை தேர்வு செய்யும்போது எந்த இருக்கையில் பெண் இருக்கிறார் என்று பார்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. தனியாகப் போகும் பெண்ணுக்கு இது ஆறுதல்தான். பயன்படுத்துபவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி. ஒதுங்க வேண்டியவர் ஏன் எப்போதும் நாமாக இருக்கிறோம்? பயந்து ஜன்னலோரம் கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அத்துமீறுவது இலவசம், தப்பிப்பதற்குக் காசு. இருக்கை பெல்ட்டைப் போடுங்கள், மேசையை மடக்குங்கள், ஜன்னல் திரையைத் திறங்கள் என்று இத்தனை அறிவிப்பு செய்கிறவர்கள், "உங்கள் கையும் காலும் உங்கள் இருக்கைக்குள் இருக்கட்டும்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்வதற்கு எவ்வளவு செலவாகும்?

அந்த அறிவிப்பு வரும்வரை நாம்தான் சொல்ல வேண்டும். மாணவிகளுக்கு இது விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமல்ல. நூலக மேசையிலும் பேருந்து இருக்கையிலும் வகுப்பு பெஞ்சிலும் இதே எல்லைதான். முதுகு சாய உட்காருங்கள். கையைக் கைப்பிடியில் வையுங்கள். தாண்டி வந்தால், "மன்னிக்கணும்", "தப்பா நினைக்காதீங்க" என்ற முன்னுரைகள் இல்லாமல், பக்கத்து வரிசைக்கும் கேட்கும் குரலில், "கையை எடுங்க" என்று சொல்லுங்கள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று பதில் வந்தால், நம் பங்குக்குத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணியாயிற்று, இனி உங்கள் முறை என்று சொல்லுங்கள். வீட்டில் "ஒழுங்கா உக்காரு" என்று சொல்லியே ஆக வேண்டும் என்றால், அதை முதலில் மகனிடம் சொல்லுங்கள்.