ராத்தலா, கிலோவா?

சமுத்திரம் தாண்டும் ஆகாய விமானத்துக்கு நான்கு என்ஜின்கள், குறைந்தது மூன்றாவது இருந்தால்தான் மனத்துக்குத் தைரியம் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். உள்ளே இரண்டு நடைபாதைகள் விட்டு, வரிசைக்கு ஏழெட்டு ஆசனங்கள் போட்டு, இறக்கைக்கு ஒன்றாக இரண்டே என்ஜின்களை மாட்டும் துணிச்சலை ஐரோப்பியர் 1972-ல் ஏர்பஸ் ஏ300 விமானத்தில் காட்டினார்கள். அமெரிக்கப் போயிங் கம்பெனியாரின் 767, 1981-ல் பறந்தது. பிறகு அது ஒரு குடும்பமாகவே பெருகிற்று. மூத்தது 48 மீட்டர் நீளம். அடுத்ததை ஆறு மீட்டர் இழுத்தார்கள். 2000-ல் சேவைக்கு வந்தது 61 மீட்டர். சாமான் சுமக்க ஒன்று; நடுவானிலேயே இராணுவ விமானங்களுக்கு எண்ணெய் ஊட்ட ஒன்று. இந்தக் கடைசிப் பிள்ளையை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஏனெனில், இதே வீட்டு மூத்த பிள்ளைகளில் ஒன்று, 1983-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி, 41,000 அடி உயரத்தில் எண்ணெய் இல்லாமல் தவித்தது.

அது மாண்ட்ரீலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மண்டனுக்குச் சென்ற ஏர் கனடா விமானம். அதில் 69 பேர் இருந்தார்கள். எண்ணெய் அளவைக் காட்டும் கருவி கெட்டிருந்தபடியால், தொட்டியில் அளவுகோல் கொண்டு பார்த்தார்கள். 7,682 லிட்டர் இருந்தது. வேண்டியதோ 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க ஒரு பெருக்கல் போட வேண்டும். இங்கேதான் சனியன் புகுந்தது.

ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 0.803 கிலோ. கணக்குப் போட்டவர்கள் எடுத்துக்கொண்ட எண் 1.77. அது லிட்டருக்கு எத்தனை ராத்தல் என்பதைச் சொல்லும் எண்! கனடா அப்போதுதான் ராத்தலை விட்டுக் கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. கம்பெனியின் பழைய விமானங்கள் ராத்தலிலேயே இருக்க, 767 மட்டும் கிலோ. ஆகவே 13,597 கிலோ ஏற்கெனவே இருப்பதாகக் கொண்டு, 4,916 லிட்டர் மட்டும் ஊற்றினார்கள். ஊற்றியிருக்க வேண்டியது 20,088 லிட்டர். ஒட்டாவாவில் மறுபடி அளந்தார்கள். மறுபடியும் அதே 1.77. பெருக்கலில் அணுவளவும் பிசகில்லை!

விடையை எழுதி அலகை விட்டுவிடும் பையனுக்கு நாம் அரை மார்க் குறைத்தால், "எண் சரிதானே, ஸார்?" என்று தகப்பனார் வந்து நிற்கிறார். இனி அவரை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்ல உத்தேசம்.

இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் விமானத்தில் மூன்றாவதாக ஓர் என்ஜினீயர் இருந்து எண்ணெய்க் கணக்கைக் கவனிப்பார். புதிய விமானத்தில் யந்திரமே எல்லாம் செய்யும் என்று அவரை எடுத்துவிட்டார்கள். அவருடைய வேலை யாரைச் சேர்ந்தது என்பதைத்தான் தெளிவாகச் சொல்லவில்லை.

என்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. மின்சாரம் போய், பெரும்பாலான கருவிகள் இருண்டன. அடிவயிற்றிலிருந்து ஒரு சிறு காற்றாடி வெளிவந்து, விமானத்தைத் திருப்புவதற்கு வேண்டிய சக்தியை மட்டும் கொடுத்தது. தலைமை விமானி பியர்ஸன், என்ஜின் இல்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். வின்னிபெக் வரை போய்ச் சேர முடியாது என்று தெரிந்ததும், உதவி விமானி குவின்டல் தாம் விமானப் படையில் இருந்தபோது அறிந்திருந்த கிம்லி தளத்தைச் சொன்னார். அது மூடப்பட்டு, ஓடுபாதை மோட்டார்ப் பந்தயக் களமாகியிருந்தது அவருக்குத் தெரியாது. அன்று அங்கே குடும்பங்கள் கூடியிருந்தன. என்ஜின் சப்தமே இல்லாமல் நூறு டன் பாரம் தலைக்கு மேல் வந்தால் யார் அறிவார்கள்?

உயரம் அதிகமாயிருக்கவே, பியர்ஸன் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிட்டு இறக்கினார். முன்சக்கரம் மடங்கி, மூக்குத் தரையில் தேய்ந்ததே பிரேக் ஆயிற்று. ஒருவரும் சாகவில்லை.

கம்பெனியார் முதலில் பியர்ஸனைப் பதவியில் இறக்கினார்கள். குவின்டலைச் சில நாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணைக் கமிஷனோ கம்பெனியின் ஏற்பாடுகளையே பெரிதும் குறை கூறிற்று. 1985-ல் இருவருக்கும் சர்வதேச விமானச் சங்கத்தின் கௌரவம் கிடைத்தது. அதே வருஷம், இரண்டே என்ஜினுள்ள 767-க்கு, விமான நிலையம் எதற்கும் இரண்டு மணி நேரத் தொலைவு வரை விலகி, அட்லாண்டிக் கடலைத் தாண்ட அநுமதியும் கிடைத்தது.

மூக்குத் தேய்ந்த விமானத்தைச் செப்பனிட்டு மேலும் இருபத்துநான்கு வருஷம் ஓட்டினார்கள். 2008 ஜனவரியில் அது மொஹாவே பாலைவனத்துக்கு ஓய்வுபெறச் சென்றபோது, பியர்ஸனும் குவின்டலும் அதில் பிரயாணிகளாக உட்கார்ந்திருந்தார்கள்.