டான் கொடுத்த வாக்கு

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக் கலை பற்றி ஒரு நாள் பயிற்சி வகுப்பு. பயிற்சியாளர் 'காட்ஃபாதர்' படத்தில் ஐந்து மாஃபியா குடும்பத் தலைவர்களும் மேஜையைச் சுற்றி உட்காரும் காட்சியைத் திரையில் ஓட்டினார். டான் விட்டோ கோர்லியோனியும் டட்டாலியாவும் கட்டிப்பிடித்ததும் நிறுத்தி, "பாத்தீங்களா சார், ரெண்டு பேருமே மகனைப் பறிகொடுத்தவங்க. ஆனா வாக்குன்னா வாக்கு" என்றார். அறையே தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் ஐயா அங்கேயே நிறுத்தினீர்கள்? வீடு திரும்பும்போதே காரில் கிழவர் தன் வக்கீலிடம், இத்தனைக்கும் பின்னால் இருந்தவன் இன்னொரு குடும்பத் தலைவன் பார்ஸினி என்று சொல்லிவிடுகிறாரே! சமாதானம் பேசப் போனவர் எதிரியை அடையாளம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தவர் சத்தியத்தை மீறவில்லையாம். மீறுகிற வேலையை மகன் மைக்கேலுக்கு விட்டுவிட்டுத் தக்காளிச் செடிகளுக்கு நடுவே செத்துப்போனார். தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்தில் சாத்தானை விட்டொழிப்பதாக மைக்கேல் பாதிரியாரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், எதிர்க்குடும்பத் தலைவர்கள் நாலு பேரும் சுடப்பட்டுச் சாகிறார்கள். கட்டிப்பிடித்த டட்டாலியாவும் அதில் அடக்கம். வாக்குன்னா வாக்கு!

அதே படத்தில் இன்னொரு 'பேச்சுவார்த்தை'யும் உண்டு. பாடகனை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க டான் 10,000 டாலர் தருகிறார்; பேண்டு முதலாளி மறுக்கிறான். மறுநாள் தன் அடியாள் லூக்கா பிராசியோடு போகிறார். 1,000 டாலருக்குக் கையெழுத்து விழுகிறது, தலையில் துப்பாக்கி வைத்து. இதற்குப் பெயர் சாமர்த்தியம் என்றால் எங்கள் தெருமுனையில் மாமூல் வசூலிப்பவனும் பேராசிரியர்தான்.

நிஜத்தில் வேறு மாதிரி என்பீர்களோ? 1931இல் நியூயார்க் மாஃபியாவை ஐந்து குடும்பங்களாகப் பங்கு பிரித்துக் கொடுத்த தாதா மரன்சானோவை, அதே ஆண்டு செப்டம்பரில் அவர் அலுவலகத்திலேயே தீர்த்துக்கட்டினார்கள். வந்தவர்கள் போட்டிருந்தது அரசு அதிகாரி வேஷம். அனுப்பியவர் லக்கி லூசியானோ, மரன்சானோவோடு பேசி உடன்பாடு செய்துகொண்டு தன் பழைய முதலாளி மஸ்ஸேரியாவைக் காட்டிக்கொடுத்தவர். இந்தக் கண்ணியத்தையெல்லாம் 'காட்ஃபாதர்' கதையாக்கிய மரியோ பூசோ, தான் அசல் தாதா ஒருவரையும் சந்தித்ததில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நாம்தான் அதைப் பாடப்புத்தகமாக்கி வைத்திருக்கிறோம்.

இன்னொரு எரிச்சல், அந்தக் 'குடும்பம்' என்கிற சொல். வகுப்பு முடிந்ததும் எங்கள் மேலாளரும் எழுந்து, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார். இரண்டு வருடமாகச் சம்பள உயர்வு கிடையாது. எந்தக் குடும்பம் என்று கேட்க நினைத்தேன், சமோசா வந்துவிட்டது.

பயிற்சியாளர் ஐயா, அடுத்த முறை ஞானஸ்நானக் காட்சி வரைக்கும் ஓட்டுங்கள். கூட அரை மணி நேரம் ஆனாலும் உட்கார்ந்து பார்க்கிறோம்.