கண்காணா ஆசிரியர்

கற்பிப்போனும் கற்போனும் ஓரிடத்தில் எதிரெதிரே அமர்ந்திருத்தலே கல்வி என நெடுங்காலமாக எண்ணி வந்த நம் நாட்டில், இவ்விருவர்க்கும் இடையே பல காதத் தூரம் கிடக்க, ஏட்டின் வழியாகவும் அஞ்சலின் வழியாகவும் வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியாகவும் கல்வி நடைபெறுதல் இன்று புதுமையன்று. அஞ்சல் வழியாகப் பட்டம் பெற்றோரைத் தெருத்தோறும் காண்கின்றோம். பள்ளிப் படிப்பும் அவ்வாறே நடைபெறுகின்றது என்பதனை மட்டும் நம்மிற் பலர் அறிந்திலோம். அப்பள்ளிப் படிப்பில் உழைக்கும் ஆசிரியர்களுட் சிறந்தோரைத் தெரிந்தெடுத்து விருதளித்தல் தகுமா, தகுமாயின் எதனைக் கண்டு அளித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள்.

சென்ற விடுமுறையில் நாம் சிலர் சேர்ந்து, இராமநாதபுரத்திற்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்புல்லாணிக்குச் சென்றிருந்தோம். ஆதிஜகந்நாதப் பெருமாள் கோயிலையும், இராமபிரான் தருப்பைப் புல்லே பாயலாகக் கிடந்த கோலத்தையும் கண்டு, சேதுக்கரை சென்று கடலாடி மீள்வது யாத்திரிகர் வழக்கம். நாமும் அவ்வாறே செய்து, நண்பர் ஒருவரின் உறவினர் இல்லத்தில் நண்பகலுணவு கொண்டோம். அவ்வீட்டு மருமகளார் இருபத்தைந்து வயதினர். நான்கு வயதுக் குழந்தைக்குத் தாய். பதநீர் இறக்கும் பருவத்தில் குடும்பம் முழுவதும் பனந்தோப்பிற்குக் குடிபெயர, தம்பிமாரைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டு அவரது படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோயிற்று. இப்பொழுது திறந்தநிலைப் பள்ளி முறையிற் சேர்ந்து பத்தாம் வகுப்பிற்குப் படித்து வருகின்றார். நாம் கல்லூரி மாணாக்கர் என அறிந்ததும், உள்ளே சென்று ஒரு துணிப்பையைக் கொணர்ந்தார். அதனுள் அவர் எழுதித் திருத்தப்பட்டு மீண்டுவந்த ஒப்படைப்புத் தாள்கள் இருந்தன.

அவற்றுள் இரண்டினை நாம் ஊன்றி நோக்கினோம். ஒன்றில் ஏழு பக்கம் எழுதியிருந்தார். அதன் தலைப்பில் ஓர் எண்ணும் ஒரு சுழியும் தவிரத் திருத்தியோரின் கைபட்ட அடையாளம் வேறெதுவுமில்லை. மற்றொன்று கணக்குத் தாள். அதில் ஒரு வட்டிக் கணக்கினைத் தவறாகச் செய்திருந்தார். ஓரத்தில் சிவப்பு மையினால், “நீ சென்ற வழி சரியே. மூன்றாம் வரியிற் பின்னத்தைத் தலைகீழாக எழுதிவிட்டாய். அங்கிருந்து மீண்டும் செய்து அடுத்த தாளோடு அனுப்பு” என்று எழுதப்பட்டிருந்தது. அதன்கீழ் அவர் மீண்டும் செய்து அனுப்பியதும், அதன்மேல் “இப்பொழுது பிழையில்லை” என்ற குறிப்பும் காணப்பட்டன. குழந்தையை விட்டு நகரத்திலுள்ள கல்வி நிலையத்திற்குச் செல்ல இயலாமையால், தாள்களைக் கொண்டு சேர்ப்பவர் அவருடைய தம்பியே. “இந்த ஆசிரியரை நீங்கள் பார்த்ததுண்டா, அக்கா?” என்று வினவினோம். “முகம் எப்படியிருக்குமோ தெரியாது, தம்பி. கையெழுத்துத் தெரியும்” என்றார்.

அம்மொழி நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. முதல் தாளைக் கண்ட அன்றிரவு புத்தகங்களைக் கட்டிப் பரணில் வைத்துவிட எண்ணியதாகவும், கணக்குத் தாள் வந்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டதாகவும் அவர் கூறினார். பள்ளியில் அமர்ந்து படிக்கும் சிறுவனுக்கு ஓர் ஆசிரியர் கடிந்தால் மற்றோர் ஆசிரியர் தேற்றுவார். பக்கத்திலிருக்கும் தோழனும் ஒரு துணை. வீட்டிலிருந்து படிப்போர்க்கோ அவ்வோரத்துச் சிவப்பு மையே பள்ளிக்கூடம். அஃது எழுதப்படாதொழியின் பள்ளிக்கூடமே இல்லை.

இம்முறை நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றினைச் சிறிது கூறுவோம். 1968-ஆம் ஆண்டில் டில்லியில் ‘பத்ராச்சார் வித்யாலயா’ என்னும் அஞ்சல்வழிப் பள்ளி தொடங்கப்பெற்றது. 1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் திறந்தநிலைப் பள்ளி ஒன்றைச் சோதனையாக நடத்தத் தலைப்பட்டது. அதுவே 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகித் தனித்து நின்று, 2002-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் எனப் பெயர் பெற்றது. ஒருமுறை சேர்ந்தோர் ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளிற் பரீட்சை எழுதித் தேறலாம்; பாடங்களை ஒவ்வொன்றாகவும் முடிக்கலாம். பொதுப் பரீட்சை ஆண்டிற்கு இருமுறை நடைபெறும். மீன்பிடிப்போர்க்கும், உப்பளத்தில் உழைப்போர்க்கும், பாசி சேகரிக்கும் மகளிர்க்கும், பருவந்தோறும் இடம்பெயரும் பனைத்தொழிலாளர்க்கும் இதனினும் ஏற்ற முறை வேறு யாது? ஏதேனும் ஒரு பள்ளியையே கல்வி நிலையமாகக் கொண்டு, விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்புகள் நடத்தப்படுகின்றன. ஒப்படைப்புத் தாள்களைத் திருத்துவோரும் அங்குள்ள ஆசிரியரே. அவர்கள் பெறுவது சிறு மதிப்பூதியம். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் பொறிக்கப்படுவதில்லை.

இனி, ஆசிரியர்க்கு நம் நாடு அளிக்கும் விருதுகளை நோக்குவோம். வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, ஆசிரியராயிருந்து நாட்டின் தலைவராக உயர்ந்த டாக்டர் இராதாகிருஷ்ணனார் பிறந்த செப்டம்பர் 5-ஆம் நாளில், அவர் பெயரால் தமிழ்நாட்டு அரசு நல்லாசிரியர் விருது வழங்கி வருகின்றது. மத்திய அரசின் தேசிய நல்லாசிரியர் விருது 1958-இல் ஏற்படுத்தப்பட்டது. ஆண்டுதோறும் முந்நூற்றுக்கு மேற்பட்டோர்க்கு அளிக்கப்பட்டு வந்த அவ்விருது, 2018-இல் விதிகள் திருத்தப்பட்டபின் ஏறக்குறைய ஐம்பதின்மர்க்கு என்ற அளவிற் சுருக்கப்பட்டது. 50,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் சான்றிதழும் அதனுள் அடங்கும். ஆசிரியர் தம் பெயரைத் தாமே முன்மொழியும் முறையும் அப்பொழுதே புகுந்தது. தம் பணிக்குச் சான்றாகப் புகைப்படங்களையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் அறிக்கைகளையும் அவர் இணைத்தனுப்புதல் வேண்டும். ஒப்பந்த முறையிற் பணியாற்றுவோர் இவ்விருதிற்கு உரியரல்லர்.

இவ்விதிகளிற் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. ஆயினும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாற்பது தாள்களின் ஓரங்களில் எழுதும் ஒருவர் எதனைப் புகைப்படம் எடுப்பார்? பகற்பொழுதிலே தாம் நடத்தும் வகுப்பினைக் காட்டி அவர் விருது பெறுதல் கூடும். திண்ணையிற் செய்த வேலையைக் காட்டிப் பெறுதல் அரிது. தற்புகழ்ச்சிக்கு நாணும் இயல்பும் நம்மவர்க்கு உண்டு. ஆதலின், காட்சிக்குரிய தொண்டு முன்வரிசையில் அமர, கண்ணுக்குத் தோன்றாத தொண்டு கடைவாயிலில் நின்று விடுகின்றது.

உலகரங்கிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. 1987-இல் வான்கூவர் நகரிற் கூடிய காமன்வெல்த் நாட்டுத் தலைவர்களின் தீர்மானத்தாற் பிறந்த காமன்வெல்த் கற்றல் அமைப்பு, தொலைதூரக் கல்விக்கென்றே சிறப்பு விருதுகளை வழங்கி வந்துள்ளது. சிறந்த நிறுவனத்திற்கு ஒன்று. சிறந்த பாடப்பொருளுக்கு ஒன்று. இடர்களைக் கடந்து கற்ற மாணாக்கர்க்கு ஒன்று. மூன்றும் தக்கனவே. ஆனால், அந்நிறுவனத்தின் உள்ளிருந்து, அப்பாடப்பொருளைக் கையிலேந்தி, அம்மாணாக்கரைக் கரையேற்றிய ஆசிரியர்க்கு உரிய இடம் அவ்வரிசையில் யாது? ஆஸ்திரேலியாவில் அஞ்சற் கல்வி நெடுநாள் வழங்கியிருந்தும், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951-இல் ‘வான்வழிப் பள்ளி’ நிறுவப்பட்டதற்குக் காரணம், பாலைநிலப் பண்ணைகளில் தனித்து வாழும் சிறுவர்க்கு ஏடு மட்டும் போதாது, ஆசிரியரின் குரலும் வேண்டும் என்று உணரப்பட்டமையே. அமெரிக்காவில் 2010-இல் நாட்டின் சிறந்த இணையவழி ஆசிரியர் என்னும் விருது பள்ளி ஆசிரியர்க்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. அஃதாவது, செய்யத்தக்கதே, செய்யவும் பட்டுள்ளது.

இதற்கு மாறாகச் சிலர் கூறக்கூடியவற்றையும் எண்ணிப் பார்த்தல் நேர்மையாம். “கடமையைச் செய்வதற்குப் பரிசில் எதற்கு? மாணாக்கனின் நன்றியே ஆசிரியர்க்கு விருது” என்பர் ஒரு சாரார். மெய்தான். இராமேசுவரத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரையும், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் அய்யாதுரை சாலமனையும் உலகம் அறியச் செய்தவர் அவர்தம் மாணாக்கராகிய டாக்டர் அப்துல் கலாமே. அதனினும் பெரிய விருது இல்லை. ஆனால் கலாம் அவர்கள் அவ்வாசிரியர்களின் முகத்தைக் கண்டவர்; பெயரை அறிந்தவர். நம் திருப்புல்லாணித் தமக்கையார் நாளை எத்துணை உயர்நிலை எய்தினும் யாருடைய பெயரைச் சொல்வார்? நன்றி உண்டு, அது சென்று சேர்வதற்கு முகவரி இல்லை. அம்முகவரியைத் தேடிக் கொடுப்பதே விருதின் வேலை.

“விருதென்றால் பரிந்துரைக்கு ஓடுவதும் போட்டியும் வந்து சேரும்” என்பர் வேறொரு சாரார். வரத்தான் செய்யும். எனினும், விருதினை விரும்பியேனும் ஒருவர் தாள்களைச் செவ்வனே திருத்தத் தொடங்குவாராயின், அதனாற் கெடுபவர் யாவர்? “பதக்கத்தினும் ஊதியமே தேவை” என்று மூன்றாமவர் உரைப்பின் அதனை நாம் முழுமனத்தோடு ஒப்புகின்றோம். தக்க மதிப்பூதியம் அளியாது பதக்கம் மட்டும் அளிப்பது, பசித்தவனுக்குப் பன்னீர் தெளிப்பதை ஒக்கும். ஊதியம் எல்லார்க்கும் உரியது. அதனைக் கொடுத்தபின் விருதினைப் பற்றிப் பேசுதலே முறை.

ஆதலின் நம் கருத்து இது. இத்தகைய விருது ஒன்று நம் மாநிலத்தில் ஏற்படுமாயின், முதலாவதாக, ஆசிரியர் தம்மைத் தாமே முன்மொழிதல் வேண்டா. மாணாக்கர் ஒருவரின் அஞ்சலட்டையே போதியதாகுக. இரண்டாவதாக, நடுவர் குழு காணவேண்டியவை திருத்தப்பட்ட தாள்களே. அவற்றையும் ஆசிரியரே பொறுக்கி அனுப்பாமல், அவர் திருத்தியவற்றுள் பத்தினைத் திருவுளச்சீட்டு முறையில் எடுத்தல் வேண்டும். நூறு புகைப்படங்கள் சொல்லாத உண்மையைப் பத்துத் தாள்களின் ஓரங்கள் சொல்லிவிடும். மூன்றாவதாக, தேர்ச்சி விழுக்காட்டினை மட்டும் அளவுகோலாகக் கொள்ளலாகாது. ஒன்பது வாய்ப்புகளுள் எட்டில் தவறி ஒன்பதாவதில் தேறியவரைக் கணக்குப் புள்ளியார் எட்டுத் தோல்வியாக எண்ணக்கூடும். அவரை எட்டுமுறையும் மீண்டும் எழுதத் தூண்டியவர் எவரோ அவரன்றோ நல்லாசிரியர்? நான்காவதாக, ஒப்பந்த ஊழியரும் பகுதிநேரத்தாரும் நிரந்தரப் பணியாளரோடு ஒப்பக் கருதப்படுதல் வேண்டும். என்னை? இக்கல்வியின் சுமையில் பெரும்பங்கு அவர்கள் தோளிலும் ஏற்றப்பட்டுள்ளது.

இறுதியாக, விருதினை வழங்கும் இடம் தலைநகரத்து மண்டபமாக இருத்தல் வேண்டா. அவர் பணிபுரியும் கல்வி நிலையத்திலேயே, அவரிடம் தாள்வழிக் கற்றவர்கள் சூழ்ந்திருக்க வழங்குக. வலைவீசுவோரும் உப்பு வாருவோரும் கைக்குழந்தையோடு வருவோரும் அன்று தம் ஆசிரியரின் முகத்தை முதன்முதலாகக் காண்பர்; அவரும் கையெழுத்தளவில் அறிந்த தம் மாணாக்கரைக் காண்பார். பதக்கத்தை யார் அணிவிப்பது என்ற வினாவிற்கு அங்கே விடை தேடவேண்டிய அவசியமிராது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைக்கப்பட்ட ஞான்று, நம் ஆசிரியர் யாவரும் ஒரு காலத்துக்குத் தொலைதூர ஆசிரியராயினர் என்பதனையும் ஈண்டு நினைவூட்டுகின்றோம். 2019-இல் தொடங்கப்பெற்ற அரசின் கல்வித் தொலைக்காட்சி அந்நாளிற் பெருந்துணை செய்தது. எனினும், திரையிற் பாடம் முடிந்தபின், “விளங்கிற்றா?” என்று கேட்க ஒருவர் இல்லாத வீடுகளில் அப்பாடம் எந்த அளவிற்று என்பதை நாம் அறிவோம். அன்று சில திங்கள் எல்லார்க்கும் நேர்ந்தது, பள்ளியை விட்டு நின்றோர்க்கு ஆண்டு முழுவதும் உள்ள நிலை.

சேதுக்கரையில் நாம் நின்றபோது, உடன்வந்த முதியவர் ஒருவர், அணை கட்டிய ஞான்று அணில் நீரில் நனைந்து மணலிற் புரண்டு உதறித் தன்னாலான தொண்டு செய்த கதையை எடுத்துரைத்தார். அக்கதையை நாமெல்லோரும் குழந்தைப் பருவத்திலேயே கேட்டுள்ளோம். மலைகளைத் தூக்கி வந்தோர் நடுவே அவ்வணிலைக் கண்ணுற்றமையும், குனிந்து அதன் முதுகைத் தடவிக் கொடுத்தமையுமே தலைவனின் பெருமையென அவர் முடித்தார்.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் பள்ளி ஆசிரியராய் இக்கடற்கரைச் சீமையெங்கும் பணியாற்றுகின்றனர். அவர்களுள் திறந்தநிலைப் பள்ளித் தாள்களைத் திருத்துவோரும் இருத்தல் கூடும். அவர்கட்கு நாம் செய்யும் விண்ணப்பம் ஒன்றே: விருது வரும் நாளில் வருக; அதுவரை, தாளின் தலைப்பில் எண்ணை மட்டும் இட்டு அனுப்பிவிடாதீர்கள். ஓரத்தில் ஒரு வரியேனும் எழுதுங்கள். திருப்புல்லாணியில் ஒரு தாய் அதனை விளக்கடியில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கின்றார்.