ஆண்டை வீட்டுப் பழசும் பிளாட்பார ஜீன்ஸும்

பழசு உடுத்துவது இப்போது நாகரிகமாகிவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள் பிறர் உடுத்திக் கழித்த துணியைத் தேடிப்பிடித்து வாங்கிப் போடுகிறார்கள். 'த்ரிஃப்ட்' என்று அதற்குப் பெயர். பாட்டியின் பட்டுச்சேலையை வெட்டிச் சட்டை தைப்பது, அப்பாவின் பழைய கோட்டை மகள் மாட்டிக்கொள்வது எல்லாம் ஸ்டைல். கைபேசியிலேயே கடை விரித்து விற்கிறார்கள். துணிக் கழிவு குறையும், தண்ணீர் மிச்சம், காசு மிச்சம், ஆளுக்கென்று தனி அடையாளம் கிடைக்கும் என்கிறார்கள். சரிதான். இதில் எதையும் நாம் மறுக்கவில்லை. பூமிக்கு நல்லதென்றால் செய்யட்டும்.

நாம் கேட்பது வேறு. பழசு உடுத்துவது ஒருவருக்கு அழகாகவும் இன்னொருவருக்கு இழிவாகவும் எப்படி ஆனது? உயர்சாதிப் பெண் கிழிந்த ஜீன்ஸ் போட்டால் அது அவள் விருப்பம். சேரிப் பெண் கிழிந்த பாவாடை கட்டினால் அது கந்தல். கிழிசல் ஒன்றுதான். கிழிசலுக்குள் இருக்கிற உடம்புதான் வேறு. இதோடு நிற்காமல் நமக்கு உபதேசம் வேறு வருகிறது: "உங்க பசங்க ஏன் கடன் வாங்கி பிராண்டு சட்டை போடறாங்க? பழசு உடுத்தினா என்ன? நாங்களே உடுத்தறோமே!" இந்த 'நாங்களே' என்கிற சொல்லில் இருக்கிறது மொத்தச் சாதியும்.

பழந்துணி நமக்குப் புதுசு இல்லை. அது நமக்குச் சட்டமாகவே விதிக்கப்பட்டது. மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். சண்டாளனுக்குப் பிணத்தின் துணிதான் உடை, உடைந்த பாத்திரத்தில்தான் சோறு, இரும்புதான் நகை. ஊழியம் செய்யும் சூத்திரனுக்கு மிச்சச் சோறும் பழந்துணியும். உடை, நகை, பாத்திரம் என்று ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறான். யார் எதை உடுத்த வேண்டும் என்று இந்த நாட்டில் எழுதப்பட்ட பழைய ஃபேஷன் பட்டியல் இதுதான். சுடுகாட்டில் வேலை செய்தவனுக்குப் பிணத்தின் மேல் போர்த்திய கோடித்துணி கூலியானது எங்கிருந்து வந்தது என்று இனியும் கேட்க வேண்டியதில்லை.

சுடுகாட்டுக்கு வெளியே இந்தச் சட்டம் பண்ணை வழக்கமாக இருந்தது. எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கத்தில் பொங்கலுக்குப் பொங்கல் ஆண்டை வீட்டம்மா கட்டிக் கழித்த சேலையைத் திண்ணையிலிருந்து தூக்கிப் போடும். கையில் கொடுக்காது. கீழே நின்று முந்தானையை விரித்து வாங்க வேண்டும். எங்க ஆயா சொல்லும்: "சேலை குடுக்கறப்ப அவுங்களுக்குக் கை எட்டாது. களை எடுக்கறப்ப மட்டும் நாம கூப்பிடற தூரத்துலயே கெடக்கணும்." அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தால் 'இது பெரிய வீட்டுச் சேலைதானே' என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டியிருப்பவள் யார் வீட்டு ஆள் என்று சேலையே சொல்லிவிடும். பிராண்டு என்கிற ஆங்கிலச் சொல்லுக்கு மாட்டுக்குப் போடுகிற சூட்டுக்குறி என்றும் ஒரு பொருள் உண்டு. நாம் அணிந்த முதல் பிராண்டு அதுதான்.

அது இனாமும் இல்லை. கூலி இரண்டு மரக்கால் கூடக் கேட்டால், "போன பொங்கலுக்குத்தானடி சேலை குடுத்தேன்" என்கிற ஒரு வார்த்தையில் வாயை அடைத்துவிடலாம். நைந்துபோன ஆறு கஜத்தில் ஒரு வருசத்துக் கூலி உயர்வு அமுங்கிப்போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த ஜில்லாவிலேயே அதிக விலை கொடுத்துத் துணி வாங்கியது எங்க ஆயாதான்.

சரி, காசு சேர்த்து நாமே வாங்கி நல்லதாக உடுத்தினால் விட்டார்களா? திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, அடிபட்டு, 1859இல் மேலுடம்பை மறைக்கும் உரிமை பெற்றார்கள். அந்த அரசாணையிலும் ஒரு கொக்கி இருந்தது: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. மானத்தைத் தருகிறேன், ஸ்டைலைத் தர மாட்டேன் என்கிறான் ராஜா. 1928இல் இந்தூர்ப் பக்கத்துப் பலாய் மக்களுக்கு, சரிகைக் கரை போட்ட தலைப்பாகை கட்டாதே, வண்ணக்கரை வேட்டி கட்டாதே, உன் பெண்கள் தங்கம் வெள்ளி போடக் கூடாது என்று கட்டளை போட்டார்கள். 'சாதியை ஒழிக்க வழி' எழுதும்போது அம்பேத்கர் இந்தச் செய்தியை மறக்காமல் எடுத்து வைத்தார்.

நம்மூருக்கே வருவோம். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் கள்ளர் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போனது. அடுத்த வருசமே எட்டு பதினொன்றாக ஆனது. ஒரு பனியனுக்கு, ஒரு முழம் பூவுக்கு இவ்வளவு பயந்த சமூகம் உலகத்தில் வேறு உண்டா?

இதற்கு ஒன்பது வருசம் முன்னால், 1921 செப்டம்பர் 22 அன்று, ராமநாதபுரத்துக்குப் பக்கத்து மதுரையில்தான் காந்தி சட்டையைக் கழற்றிவிட்டு முழத்துண்டுக்கு மாறினார். ஏழைகளுக்காக என்று சொன்னார். அவர் நோக்கத்தில் நாம் சந்தேகம் கிளப்பவில்லை. கழற்றுவதற்கு அவரிடம் சட்டை இருந்தது. கழற்றியதும் மகாத்மா ஆனார். பக்கத்து மாவட்டத்தில் ஒருவன் சட்டையை மாட்டினான். மாட்டியதும் அவன் குடிசை எரிந்தது. எளிமை என்பது கழற்றி வைக்க ஏதாவது இருப்பவனின் சொத்து. இன்றைக்குப் பழசைக் கொண்டாடுகிறவர்கள் தங்களை அறியாமலே அந்த முழத்துண்டின் வாரிசுகள்.

அம்பேத்கர் கோட்டு சூட்டு போட்டார். அதைப் பார்த்து 'மேற்கத்திய மோகம்' என்றவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர் துணியைப் பற்றி எவ்வளவு யோசித்தவர் என்பதற்கு மகாடு சாட்சி. 1927 டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். பிணத்தின் துணியைக் கட்டச் சொன்ன அதே புத்தகம். அதே மாநாட்டில், இரண்டு நாள் கழித்து, பெண்களைத் தனியாக உட்கார வைத்துச் சேலை கட்டுவது பற்றிப் பேசினார். தீண்டத்தகாதவள் என்று காட்டிக்கொடுக்கிற விதத்தில் முழங்காலுக்கு மேலே கட்டாதீர்கள், கை நிறைய கழுத்து நிறைய அடையாளமாகத் தொங்குகிற அந்தக் கனத்த நகைகளைக் கழற்றுங்கள் என்றார். துணி பழசானாலும் பரவாயில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்பதும் அவர் பேச்சின் சாரம். பெண்கள் அங்கேயே கட்டு மாற்றிக் கட்டினார்கள். கவனியுங்கள்: புதுசு வாங்கு என்று அவர் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி உடுத்தாதே என்றார். காசில்லாதவர்களின் ஸ்டைலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆகவே பழசே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கொடுத்த பழசு வேறு, வாங்கிய பழசு வேறு.

1985இல் எரிந்துபோன சென்னை மூர் மார்க்கெட்டில், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், திருப்பூர் காதர்பேட்டையில், எந்த ஊர் பிளாட்பாரத்திலும் நம் ஆட்கள் துணி பொறுக்குவதைப் பாருங்கள். அது ஒரு தனிக் கலை. ஏற்றுமதியில் கழிந்த சட்டையில் ஒரு தையல் விலகியிருக்கும், ஒரு பட்டன் கோணலாக இருக்கும், அவ்வளவுதான். கழுத்துப்பட்டையையும் அக்குளையும் முதலில் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். தையல் பிரிந்தால் தைத்துக்கொள்ளலாம். துணியே நைந்திருந்தால் தெய்வத்தாலும் ஆகாது. பெருசாக இருந்தால் தெருமுனை டெய்லர் பிடித்துக் கொடுப்பார். கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, நீலம் போட்டு, கஞ்சியில் தோய்த்து, இஸ்திரிப்பெட்டி இல்லாத வீட்டில் பித்தளைச் செம்பில் தணல் அள்ளிப் போட்டுத் தேய்த்து, ஞாயிற்றுக்கிழமை தெருவில் இறங்கினால் எவன் சொல்வான் அது பழசென்று? நூறு ரூபாய்க்குள் ஒருத்தன் தன்னைத் தானே புதுசாகச் செய்துகொள்கிறான்.

அதைவிட முக்கியம், அங்கே பேரம் பேசலாம். "இந்தக் கிழிசலுக்கு எம்பதா? அம்பதுக்குக் குடு" என்று குரல் உயர்த்தலாம். பிடிக்காவிட்டால் போட்டுவிட்டு நடக்கலாம். திண்ணைக்குக் கீழே நின்ற எங்க ஆயாவால் இது முடியுமா? எதிரே இருப்பவன் நீ எந்தத் தெரு என்று கேட்பதில்லை, காசைக் கேட்கிறான். சந்தை ஒன்றும் சமத்துவபுரம் இல்லை, அது நமக்கும் தெரியும். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய பழசு யாருக்கும் விசுவாசம் கேட்காது.

பெண்களின் ஒப்பனைக்கும் இதுதான். 1983இல் கடலூரிலிருந்து கிளம்பிய சிக் ஷாம்பு பாக்கெட்டைச் சிரிக்காதீர்கள். சீயக்காய்க்கும் எண்ணெய்க்கும் ஆண்டை வீட்டுக் கொல்லையை எதிர்பார்த்த தலைமுடிக்கு, சில்லறைக் காசில் வந்த விடுதலை அது. ஆனால் அதே பெட்டிக்கடையில் இன்னொன்றும் தொங்கியது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி. நம் நிறத்தையே நோயாக்கி அதற்கு மருந்து விற்றது. 2020இல் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. உள்ளிருக்கும் எண்ணம் போனதா என்று கண்ணாடி முன்னால் நிற்கும் நம் பெண்கள்தான் சொல்ல வேண்டும். பழந்துணியின் கிழிசல் கண்ணுக்குத் தெரியும், தைத்துக்கொள்ளலாம். டியூபுக்குள் இருக்கிற கிழிசல் தெரியாது. கறுப்புக்கு எடுப்பான கண்மை, அரளி நிறத்தில் ஒரு பொட்டு, ஒரு முழம் கனகாம்பரம். 1930இல் தடுத்தானே, அந்தப் பூவைத் தினமும் வையுங்கள் பெண்களே, அது போதும்.

இந்தத் துணியை யார் நூற்றது என்று எந்த 'த்ரிஃப்ட்' கடையும் சொல்வதில்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் கல்யாணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி வருசக்கணக்கில் விடுதிக்குள் அடைக்கப்பட்ட பெண்களில் பெரும் பகுதி நம் பெண்கள். அங்கே உருவான துணி வெளிநாடு போகிறது. வெளிநாட்டான் உடுத்திக் கழித்த துணி கப்பலேறி காண்ட்லா துறைமுகத்துக்கு வருகிறது. அங்கே கூலிப் பெண்கள் தரம் பிரிக்கிறார்கள். பானிப்பட்டில் கம்பளித் துணிகளைக் கிழித்து மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். பேரிடர் என்றால் நிவாரணமாக வருவது அந்தப் போர்வைதான். நூற்பதும் உழைப்பவள், கிழிப்பதும் உழைப்பவள், வெள்ளம் வந்தால் போர்த்திக்கொண்டு கும்பிட வேண்டியவளும் அவளே. 2004 சுனாமியின்போது நாகைக் கரையோரம் ஊரார் அனுப்பிய பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. எல்லாம் இழந்து நின்ற மீனவ மக்கள் அதைத் தொட மறுத்தார்கள். 'திமிர் பார்' என்றார்கள் சிலர். திமிர் இல்லை அய்யா, அதுக்குப் பேர் மானம்.

நம் பையன்களின் உடுப்பு இன்றைக்கும் அவர்களை உறுத்துகிறது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம் உள்ளிட்ட மூன்று சேரிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அதையொட்டித்தான் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 2023இல் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டம் மோட்டா கிராமத்தில் நல்ல உடையும் கண்ணாடியும் போட்ட தலித் இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டார். பிளாட்பாரத்து ஜீன்ஸின் விலை அடிக்கிறவனுக்கும் தெரியும். அவனை உறுத்துவது விலை இல்லை. சேலையைப் பார்த்து 'இது யார் வீட்டு ஆள்' என்று சொன்ன காலம் போய், தெருவில் வருகிறவன் யாரென்றே தெரியவில்லையே என்பதுதான் அவன் எரிச்சல். அந்த எரிச்சல் தொடரட்டும்.

நம் தோழர்களிலும் சிலர் 'நுகர்வு மோகம்' என்று நம் பையன்களைக் கடிந்துகொள்கிறார்கள். மீட்டர் வட்டிக்கு வாங்கி பிராண்டு போடுவதை நாமும் கண்டிக்கிறோம். பழைய ஆண்டை போய்ப் புது ஆண்டை வருவது விடுதலை ஆகாது. அதற்காகக் கந்தலை லட்சியமாக்காதீர்கள். நன்றாக உடுத்த ஆசைப்படுவது ஒரு குற்றமாக இருந்தால், அதை முதலில் குற்றமாக்கியவன் மனு.

ஒரு காரியம் செய்யலாம். நகரத்திலிருந்து நல்ல மனதோடு சிலர் மூட்டை மூட்டையாகப் பழந்துணி கொண்டுவந்து சேரியில் வரிசை கட்டி நிற்க வைத்துக் கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். மாணவர் அமைப்புகள் இதை நிறுத்த வேண்டும். மூட்டையை இறக்கிவிட்டு அவர்கள் போகட்டும். துணியைத் துவைத்துத் தேய்த்து, கயிற்றில் தொங்கவிட்டு, ஐந்து ரூபாய் பத்து ரூபாய் என்று விலை எழுதி வையுங்கள். நம் பெண்கள் வந்து புரட்டட்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும், "இந்தக் கலர் எனக்கு எடுக்காது" என்று தள்ளிவிடட்டும், விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடட்டும். சேருகிற காசு இரவுப் பள்ளிக்கு விளக்கெரிக்கும். வேண்டாம் என்று தள்ளிவிடுகிற உரிமை எங்க ஆயாவுக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. அதை அதன் பேத்திகளுக்கு வாங்கித் தர ஐந்து ரூபாய் போதும்.