ஒரே போலீஸ் பிரிவு, இரண்டு புகார்கள்: நம் வளாகங்களுக்கு ஒரு பாடம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு போலீஸ் பிரிவு உண்டு. வளாகத்தில் நடக்கும் குற்றங்களை விசாரிக்கவும் கைது செய்யவும் அதற்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு 2014இல் ஒரு புகார் வந்தது. 2016இல் இன்னொன்று வந்தது. இரண்டும் ஒரே மனிதர் மீது. அப்பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவராகவும் அமெரிக்கத் தேசிய ஜிம்னாஸ்டிக் அணியின் நீண்டகால மருத்துவராகவும் இருந்த லாரி நாசர்தான் அவர். சிகிச்சை என்ற பெயரில் பாலியல் வன்கொடுமை செய்தார் என்பதே இரண்டு புகார்களின் சாரம்.

முதல் புகாருக்குப் பிறகு அவர் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். இரண்டாவது புகார் அவரைச் சிறைக்கு அனுப்பியது. சட்டம் அதேதான், போலீஸ் பிரிவும் அதேதான். அப்படியானால் மாறியது என்ன? பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களும் விரைவில் அங்கே காலடி வைக்கப் போகிறவர்களும் இந்தக் கேள்விக்கான பதிலைத் தெரிந்துகொள்வது நல்லது.

விளக்கத்தை நம்பிய விசாரணைகள்

இந்தக் கதை 2014க்கு முன்பே தொடங்குகிறது. 2004இல் 17 வயதுப் பெண் ஒருவர், வளாகத்துக்கு அருகிலுள்ள மெரிடியன் நகரப் போலீசிடம் நாசரைப் பற்றிப் புகார் செய்தார். நாசர் கணினிப் படக்காட்சி ஒன்றைக் கொண்டுவந்து, தாம் செய்தது மருத்துவ முறைதான் என்று விளக்கினார். போலீசார் அதை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடிவிட்டார்கள். வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. 14 ஆண்டுகள் கழித்து, 2018இல், அந்த நகர நிர்வாகம் அப்பெண்ணிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

2014இல் புகார் செய்தவர் அப்பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த ஓர் இளம்பெண். பல்கலைக்கழகம் தனியாக ஓர் உள்விசாரணை நடத்தியது. அதில் கருத்துக் கேட்கப்பட்ட நிபுணர்கள், நாசரோடும் அதே பல்கலைக்கழகத்தோடும் தொடர்புடையவர்கள். சிகிச்சைக்கும் அத்துமீறலுக்கும் உள்ள வேறுபாடு புகார்தாரருக்குப் புரியவில்லை என்று முடிவு செய்யப்பட்டது. வளாகப் போலீசின் விசாரணை முடியாமல் இருந்தபோதே நாசர் நோயாளிகளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். 2015 டிசம்பரில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டப் போவதில்லை என்றார்கள். இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேலான காலத்தில் அவரிடம் சென்ற நோயாளிகளுக்கு எதுவும் தெரியாது.

உண்மையைத் தேடிய விசாரணை

2016 ஆகஸ்ட்டில் ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற வழக்கறிஞர் அதே வளாகப் போலீசிடம் வந்தார். அவர் சொன்னது 2000ஆம் ஆண்டில், தமக்கு 15 வயதாக இருந்தபோது நடந்த சம்பவம். பழைய சம்பவம் என்று தள்ளிவிட எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் புகாரைக் கேட்டவர் ஆண்ட்ரியா மன்ஃபோர்ட் என்ற துப்பறியும் அதிகாரி. மன அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அறிந்தவர். டென்ஹாலண்டர் தம் போக்கில் முழுவதையும் சொல்லும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார். கொண்டுவந்த மருத்துவ ஆவணங்களையும் பார்த்தார்.

நாசரிடம் அதே பழைய விளக்கம் இருந்தது. இம்முறை அந்த விளக்கமே சோதிக்கப்பட்டது. வளாகப் போலீசார் அவர் வீட்டைச் சோதனையிட்டபோது, வெளியே குப்பையில் போடப்பட்டிருந்த கணினிச் சேமிப்பு வட்டுகள் கிடைத்தன. சிறார்களைப் பாலியல் ரீதியில் சித்தரிக்கும் ஆயிரக்கணக்கான படங்கள் அவற்றில் இருந்தன. செய்தி பரவியதும், இதுவரை வாய் திறக்காதவர்களும் வந்தார்கள். அந்தப் போலீஸ் பிரிவிடம் மட்டும் 125 பேர் புகார் கொடுத்தார்கள். 2018 ஜனவரியில் ஏழு நாள் நீடித்த தண்டனை விசாரணையில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். நாசருக்கு 40 முதல் 175 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பல்கலைக்கழகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

முந்தைய விசாரணைகள் புகார்தாரரின் புரிதலைச் சந்தேகித்தன. 2016 விசாரணை, குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தையும் அதே அளவு சந்தேகத்தோடு பார்த்தது. இரண்டு முடிவுகளுக்கும் இடையிலான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

"ஏன் கத்தவில்லை?"

பாலியல் புகார்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஏன் ஓடவில்லை, ஏன் உடனே சொல்லவில்லை என்பவை அதன் தொடர்ச்சி. ஆபத்தில் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானோருக்கான அவசர மருந்தகத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினர் தாக்குதலின்போது தங்கள் உடல் கணிசமான அளவுக்குச் செயலிழந்து உறைந்துபோனதாகக் கூறினர். கத்தாமல் இருந்தது சம்மதம் ஆகாது. உடல் அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பதே உண்மை.

நினைவும் அப்படித்தான். அதிர்ச்சியில் இருப்பவர் நிகழ்ந்ததை வரிசையாகச் சொல்ல முடியாமல் தடுமாறலாம். அறையின் வாசனை நினைவிருக்கும், மணி என்ன என்பது நினைவிருக்காது. இதைப் பொய்யின் அடையாளம் என்று எண்ணுவது விசாரணையின் தவறு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாக ஆய்வாளர்கள் 2016இல் வளாகப் போலீசாருக்கென்றே ஒரு விரிவான வழிகாட்டியை வெளியிட்டார்கள். அதிர்ச்சி நினைவாற்றலை எப்படிப் பாதிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு விசாரிக்க வேண்டும் என்பதே அதன் மையக் கருத்து.

இதனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அநீதி ஏற்படாதா என்று சிலர் கேட்கலாம். புகாரை மரியாதையோடு கேட்பது வேறு, தீர்ப்பு வழங்குவது வேறு. சாட்சியங்கள் உடனே சேகரிக்கப்பட்டால், நிரபராதிக்கும் அவையே துணை நிற்கும்.

மலேசிய வளாகங்களில் நிலை என்ன?

நம் நாட்டில் அமெரிக்காவைப்போல் முழு விசாரணை அதிகாரம் கொண்ட வளாகப் போலீஸ் கிடையாது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் 1967 போலீஸ் சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் 'போலீஸ் பந்துவான்' எனும் துணைப் போலீசார் பணியாற்றுகிறார்கள். தனியார் கல்லூரிகளில் பெரும்பாலும் பாதுகாவலர்கள் இருப்பார்கள். புலன்விசாரணை செய்வது அரச மலேசியப் போலீஸ் படை.

ஆனால் நள்ளிரவில் விடுதியில் ஒரு மாணவிக்கோ மாணவருக்கோ ஏதேனும் நேர்ந்தால், முதலில் ஓடிச் செல்வது வாயிலில் இருக்கும் அந்தத் துணைப் போலீசிடம்தான். "இந்த நேரத்தில் அங்கே என்ன வேலை?" என்று அவர் கேட்டுவிட்டால், அந்தப் புகார் போலீஸ் நிலையத்துக்குப் போகாமலே முடிந்துவிடலாம். விசாரணை அதிகாரம் இல்லாவிட்டாலும், விசாரணை தொடங்குமா இல்லையா என்பது பல நேரம் அவர் கையில் இருக்கிறது.

ஆகவே நம் வளாகங்களில் முதலில் சீராக வேண்டியவை இவை:

முதலாவது, துணைப் போலீஸ் கேட்க வேண்டிய கேள்விகள் மிகக் குறைவு. இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்களா, காயம் உண்டா, எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்பவை போதும். முழுக் கதையையும் வாயிலில் ஒரு முறை, விடுதி வார்டனிடம் ஒரு முறை, மாணவர் விவகாரப் பிரிவில் ஒரு முறை என்று சொல்ல வைக்கக் கூடாது.

இரண்டாவது, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடு. அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில், 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிப் பிற இடங்களுக்கும் விரிந்த ஒருங்கிணைந்த நெருக்கடி மையங்கள் இருக்கின்றன. சிகிச்சை, ஆலோசனை, போலீஸ் புகார் ஆகியவை அங்கேயே ஏற்பாடு செய்யப்படும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் தாமதம் ஆபத்தானது. அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல்வதும், வளாகக் கண்காணிப்புக் கேமராப் பதிவு அழிவதற்குமுன் எடுத்து வைப்பதும் துணைப் போலீசின் பொறுப்பாக வேண்டும்.

மூன்றாவது, குற்றம் சாட்டப்பட்டவர் விரிவுரையாளராகவோ செல்வாக்குள்ள மாணவராகவோ இருந்தால், உள்விசாரணையில் வெளியார் இடம்பெற வேண்டும். மிச்சிகன் அனுபவம் இதைத்தான் சொல்கிறது.

நான்காவது, ஆண்டுதோறும் எத்தனை புகார்கள் வந்தன, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைப் பெயர்கள் இல்லாமல் வெளியிட வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய எண்ணிக்கையை வெளியிட வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். இருந்தும் 2015இல் 89 விழுக்காட்டு வளாகங்கள் ஒரு பாலியல் வல்லுறவுப் புகாரும் வரவில்லை என்று அறிவித்தன. அதை ஆராய்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம், மாணவர்கள் புகார் செய்யத் தயங்குகிறார்கள் என்பதற்கே அது அடையாளம் என்று சுட்டியது. எண்ணிக்கை கூடினால் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சும் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

போலீஸ் புகாரை நாட்டின் எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். கைது ஆணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்தால், விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று கேட்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்கீழ் உங்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தொடர்ந்து பின்தொடர்ந்து தொல்லை தருவது 2023 மே மாதம் முதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். அதைக் 'காதல் தகராறு' என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பாலியல் தொல்லைக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும். உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண் இருக்கிறது.

உங்கள் வளாகத்தில் துணைப் போலீசாருக்கு இதற்கான பயிற்சி தரப்படுகிறதா, எழுத்து வடிவிலான நடைமுறை இருக்கிறதா என்று மாணவர் பேரவை வழியாக நிர்வாகத்திடம் கேளுங்கள். மிச்சிகனில் 2014இல் சரியாகக் கேட்கப்படாத ஒரு புகாருக்கு, அதற்குப் பிறகு அந்த மருத்துவரிடம் சென்ற பெண்கள் விலை கொடுத்தார்கள். நம் வளாகத்தில் அப்படி ஒன்று நடப்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்.