கொட்டையிலிருந்து ஒரு குறுமரம்

ஊரில் வீடு என்றால் பின்கட்டும் கிணற்றடியும் உண்டு. கிணற்றடியில் ஒரு வாழையும் வேலியோரத்தில் ஒரு முருங்கையும் பெரு முயற்சியின்றியே வளர்ந்து நிற்கும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் பலவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான்காம் மாடியில் இரண்டு அறைகள், ஒரு சிறு பால்கனி, கிழக்கு நோக்கிய ஒரு சன்னல்; இவ்வளவே நம் நிலம். அதுவும் வாடகை நிலம். மாற்றல் உத்தரவு வந்தால் அதையும் விட்டுப் பெயர வேண்டியதுதான். இத்தகைய வீட்டில் வளரும் பிள்ளை, விதை முளைப்பதைப் பாடப் புத்தகத்துப் படத்தில் மட்டுமே காண்கிறது என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள், இக்குறைக்கு ஓரளவேனும் மாற்றாக அமையும். அவகாடோ என்றும் வெண்ணெய்ப் பழம் என்றும் வழங்கும் கனியை அன்பர்கள் அறிவார்கள். இது மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. நம் இலவங்கப் பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று குடகிலும் நீலகிரியிலும் பழனி மலையின் கீழ்ச் சரிவுகளிலும் காப்பித் தோட்டங்களின் ஊடே செழித்து வளர்கிறது. தடியன்குடிசையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இதில் ஒரு தனி வகையையே தேர்ந்து வெளியிட்டிருக்கிறது. பெருநகரக் கடைகளில் ஆண்டு முழுவதும் இப்பழம் கிடைக்கிறது. சதையை உண்டு, கோழி முட்டையை ஒத்த அதன் கொட்டையைக் குப்பையில் எறிகிறோம். எறியாமல் வைத்துக்கொண்டால் அதிலிருந்தே வீட்டுக்குள் அழகிய குறுமரம் ஒன்றை உருவாக்கலாம்.

தொடங்குமுன் இரண்டு உண்மைகளைச் சொல்லிவிடுவது நம் கடமை. முதலாவது, இம்மரத்திலிருந்து பழம் எதிர்பார்க்கலாகாது. விதையிலிருந்து வரும் அவகாடோ காய்ப்பதற்குத் திறந்த வெளியிலேயே ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகும். சன்னல் வெளிச்சத்தில் அது நிகழ்வது மிக அரிது. காய்த்தாலும் தாய்ப் பழத்தைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உலகச் சந்தையில் இன்று முதலிடம் பெற்றுள்ள ஹாஸ் என்னும் வகை, கலிபோர்னியாவில் ருடால்ப் ஹாஸ் என்ற தபால்காரர் நட்ட ஒரு விதையிலிருந்து தற்செயலாய்த் தோன்றியது. அவர் அதற்கு 1935-இல் காப்புரிமை பெற்றார். விதைக்குள் இருப்பது எது என்பதை விதைத்தவரும் முன்னறிய முடியாது என்பதற்கு அம்மரமே சான்று.

இரண்டாவது உண்மை, ஜப்பானியர் போன்சாய் என்று போற்றும் கலையின் முழு இலக்கணத்துக்கு இச்செடி உட்படாது. ஆலும் புளியும் சிறு தட்டில் வளரும்போது இலைகளும் சிறுத்து, பெருமரத்தின் சாயலை அப்படியே காட்டும். அவகாடோவின் இலையோ ஒரு சாண் நீளம் போகக் கூடியது. எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் பெரிதும் சுருங்குவதில்லை. ஆகவே நாம் அடையக்கூடியது, முழங்கால் உயரத்தில், தடித்த தண்டும் பளபளக்கும் அகன்ற இலைகளும் கொண்டு போன்சாய் முறையில் உருப்பெற்ற ஒரு குறுமரம். கூடத்து மூலைக்கு அது போதிய அணியாகும்.

இனிச் செய்முறை. நன்கு பழுத்த பழத்தின் கொட்டையைக் கத்தி படாமல் எடுத்து, வழுவழுப்புப் போகக் கழுவ வேண்டும். நெல்லையும் அவரை விதையையும் போல இதை உலர்த்திச் சேமித்து வைக்கலாகாது; காய்ந்தால் உயிர் போய்விடும். ஆதலால் உண்ட அன்றோ மறுநாளோ முளைக்கப் போடுவது நன்று. மேலே உள்ள பழுப்புத் தோலை நகத்தால் மெல்ல உரித்துவிட்டால் முளை விரைவில் வரும். அகன்ற பக்கம் அடி, சற்றுக் கூர்மையான பக்கம் நுனி. இதை மாற்றி வைத்துவிட்டுப் பல வாரம் காத்திருப்போர் உண்டு, கவனம் தேவை.

பல்குத்தும் குச்சிகள் மூன்று அல்லது நான்கைக் கொட்டையின் இடுப்பில் சுற்றிலும் சிறிது ஆழம் செருகி, வாய் அகன்ற கண்ணாடிக் குவளையின் விளிம்பில் அக்குச்சிகள் தாங்கும்படி வைக்க வேண்டும். கொட்டையின் அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு நீரில் மூழ்கியிருந்தால் போதும். நீரை மூன்று நான்கு நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். இல்லையேல் பாசியும் நாற்றமும் உண்டாகும். வெதுவெதுப்பும் வெளிச்சமும் உள்ள, ஆனால் நேர் வெயில் படாத இடமே ஏற்றது. ஈர மண்ணில் பாதி புதைத்தாலும் கொட்டை முளைக்கும். ஆயினும் கண்ணாடிக் குவளையில் வேர் இறங்குவதைப் பிள்ளைகள் நாள்தோறும் காணலாம். அந்த நன்மை மண்ணில் இல்லை.

இரண்டு வாரம் முதல் எட்டு வாரம் வரை ஒன்றும் நிகழாதது போலவே தோன்றும். பின்னர் கொட்டை பிளக்கும். முதலில் வெண்ணிற வேர் கீழே இறங்கும்; அதன் பின்னரே பிளவின் நடுவிலிருந்து செந்தளிர் எழும். முளை வரவில்லை என்று பத்தாம் நாளே கொட்டையை எறிந்துவிடுவோர்க்குச் சொல்கிறோம்: கொட்டை அழுகிக் குழையாத வரையில் அதற்கு உயிர் உண்டு. தில்லி, லக்னோ போன்ற வடநாட்டு நகரங்களில் மார்கழிக் குளிரில் தொடங்கினால் இக்காத்திருப்பு இன்னும் நீளும். பங்குனி முதல் ஆவணி வரையான வெப்ப மாதங்களே தொடங்குவதற்கு உரிய காலம்.

தண்டு பதினைந்து சென்டிமீட்டர் உயரம் வந்ததும் பலருடைய மனம் தயங்கும் கட்டம் ஒன்று வருகிறது. கூரிய கத்தரியால் தண்டைப் பாதிக்கு வெட்டிவிட வேண்டும். ஆசையோடு பார்த்து வந்த தளிரை நம் கையாலேயே வெட்டுவதா என்று பிள்ளைகள் அழவும் கூடும். வெட்டாது விட்டாலோ, வீட்டுக்குள் வெளிச்சம் குறைவாதலால் செடி ஒற்றைக் குச்சியாய் மேலே மேலே நீண்டு, உச்சியில் மட்டும் நான்கு இலைகளைத் தாங்கித் தள்ளாடும். நுனி மொட்டில் உண்டாகும் ஆக்சின் என்னும் பொருள் பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியை நீக்கியதும் அத்தடை நீங்கிக் கீழ் மொட்டுகள் விழிக்கின்றன. செடிக்குக் கேடு செய்வது காலமறியா வெட்டே. காலமறிந்த வெட்டு அதைக் கிளைக்கச் செய்கிறது.

வெட்டிய இடத்துக்குக் கீழே புதுத்தளிர் வந்து, வேரும் செறிந்தபின் மண்ணுக்கு மாற்றலாம். ஒரு சாண் அகலமுள்ள மண் தொட்டி போதும். அடித்துளை இன்றியமையாதது, அதன்மேல் ஓட்டுச் சில்லு ஒன்றை வைக்க வேண்டும். தோட்ட மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு என்று கலந்து நிரப்புக. கொட்டையின் மேற்பாதி மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட வேண்டும். கொட்டையைப் பிய்த்து எறியலாகாது. முதற் சில மாதங்களுக்குச் செடிக்கு உணவளிக்கும் கலம் அதுவே.

இச்செடியைக் கொல்லும் பகைவர் இருவர். ஒருவர் மிகை நீர். பைட்டாப்தோரா என்னும் நுண்ணுயிர் ஈரம் தேங்கிய மண்ணில் பெருகி அவகாடோ வேர்களை அழுகச் செய்கிறது. பெருந்தோட்டங்களையே வீழ்த்தும் நோய் இது. மேலே சொன்ன ஹாஸ் தாய்மரமும் வேரழுகல் நோயால் 2002-இல் பட்டுப்போயிற்று. விரலை மண்ணில் ஓர் அங்குலம் செருகிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றுக. தொட்டியின் அடித் தட்டில் நீர் நிற்க விடாதீர்கள்.

மற்றொரு பகைவர் உப்பு. நம்மவர் வாழும் பல நகர்ப்புறங்களில் ஆழ்குழாய் நீர் உப்புச் செறிந்தது. இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் பழுப்பேறினால் நீரிலுள்ள உப்பை ஐயுற வேண்டும். கொதிக்க வைப்பதால் உப்பு நீங்காது. மழை நீரோ, குடிநீருக்காக வடிகட்டிய நீரோ ஊற்றுக. மாதம் ஒருமுறை தொட்டியின் துளை வழியே நன்கு வடியும்படி நல்ல நீரைத் தாராளமாக ஊற்றினால் தேங்கிய உப்பு கழுவுண்டு போகும்.

உருவம் அமைப்பது இனிவரும் ஆண்டுகளின் வேலை. ஒவ்வொரு கிளையும் ஒரு சாண் வளர்ந்ததும் அதன் நுனித் தளிர்களைக் கிள்ளிவிடுக. கிளையை வளைக்க விரும்பினால், மெல்லிய அலுமினியக் கம்பியை இறுக்காமல் சுற்றி, தண்டில் தழும்பு விழுமுன் நீக்குக. இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை, குளிர் கழிந்து தளிர் விடும் பருவத்தில், செடியை எடுத்துச் சுற்று வேர்களைச் சிறிது கத்தரித்து, ஆழம் குறைந்த அகன்ற தொட்டிக்கு மாற்றலாம். அவகாடோவின் வேர் மென்மையானது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவது ஆபத்து. செடியைப் பட்டினி போட்டால் குறுமரம் ஆகும் என்று சிலர் கருதுகின்றனர். பட்டினியால் வருவது நோயே. அளவோடு உரமும் போதிய வெளிச்சமும் தந்து, கத்தரியால் மட்டுமே உயரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். மாவுப்பூச்சி கண்டால் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டாலே பெரும்பாலும் அடங்கும்.

ஓர் எச்சரிக்கை. இதன் இலையிலும் பட்டையிலும் கொட்டையிலும் பெர்சின் என்னும் பொருள் உண்டு. அது பறவைகளுக்கும் ஆடு, முயல் போன்றவற்றுக்கும் நஞ்சு. கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் இல்லங்களில் செடியை அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இனி, நம் போன்றோர்க்கே உரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். அதே மாதத்தில்தான் தில்லியிலும் நாகபுரியிலும் வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தொடுகிறது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது பழமொழி. வைத்தவன் ஊருக்குப் போயிருந்தால் தொட்டிச் செடிக்கு யார் ஊற்றுவார்? வாளி நீரில் ஒரு முனையும் தொட்டி மண்ணில் மறுமுனையுமாகப் பருத்தித் திரி இட்டு வைப்பது சில நாட்களுக்கு உதவும். ஒரு மாதத்துக்கு உதவாது. எதிர் வீட்டாரிடம் ஒப்படைப்பது ஒன்றே வழி.

எட்டு ஆண்டுகள் ஒரே மாடியில் குடியிருந்தும் எதிர்க் கதவுக்குப் பின்னால் வாழும் பஞ்சாபியரின் பெயரையோ வங்காளியரின் பெயரையோ அறியாத குடும்பங்கள் நம்மில் இல்லையா? மொழி தெரியவில்லை, போய்ப் பேச ஒரு காரணமும் இல்லை என்கிறோம். கையில் ஒரு தொட்டியுடன் சென்று கதவைத் தட்டுவதற்குப் பெரிய மொழியறிவு வேண்டுவதில்லை. எத்தனை நாளுக்கொரு முறை, எவ்வளவு நீர் என்று சொல்லும் அளவுக்கு இந்தியோ வங்காளமோ நம்மிடம் உண்டு. இல்லையேல் பிள்ளைகளிடம் உண்டு. திரும்பி வரும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கில் ஒரு பங்கு அவ்வீட்டுக்குப் போகட்டும். அடுத்த தீபாவளிக்கு அவர்கள் ஊருக்குச் செல்லும்போது அவர்களுடைய துளசிக்கு நாம் நீர் ஊற்றுவோம்.

மாற்றல் வந்துவிட்டால்? மூடிய லாரியில் நான்கைந்து நாள் இருளில் கிடந்து இளஞ்செடி பிழைப்பது அரிது. அதை உடன் கொண்டு செல்ல வேண்டும் என்ற ஆசையை விட்டு, கோடையில் நீர் ஊற்றிய கைகளிலேயே கொடுத்துவிடுங்கள். பிள்ளை வருந்தினால், புது ஊரில் மற்றொரு பழம் கிடைக்கும், அதற்குள் மற்றொரு கொட்டை இருக்கும் என்று சொல்லுங்கள். விட்டு வந்த ஊரில் நாம் வைத்த மரம் ஒன்றை யாரோ வளர்க்கிறார் என்பதும், அவர் பெயர் நமக்குத் தெரியும் என்பதும் வாடகை வீட்டில் வாழும் குடும்பத்துக்குச் சிறிய செல்வமன்று.

அடுத்த முறை பழம் வாங்கும்போது ஒரு கண்ணாடிக் குவளையைக் கழுவி எடுத்து வையுங்கள்.